வண்ணமும் பண்ணும்

நுழையும்முன்

கலை தனிமனிதர் ஒருவரின் உள்ளத்தில் முளைக்கிறது. அதனை நீரூற்றி வளர்த்துத் தலைமுறைகளுக்குக் கையளிப்பது ஒரு சமூகம். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன், செருமனி நாட்டின் ரைன் ஆற்றங்கரையில் வாழ்ந்த துறவி ஒருவர் பாடல் புனைந்தார்; அதற்குப் பண்ணமைத்தார்; தம் அகக்கண்ணில் தோன்றிய காட்சிகளை நூலாக்கினார்; அக்காட்சிகள் பொன்னும் வெள்ளியும் ஒளிரும் ஓவியங்களாயின. அவருடைய மடத்தில் பாட்டொலியே எழக்கூடாது என்று ஒருநாள் ஆணை வந்தது. எண்பது வயதை எட்டிய அத்துறவி அப்போது என்ன செய்தார்? பிங்கன் நகர் ஹில்டெகார்ட் அம்மையாரின் வாழ்வு அதற்கு விடை கூறுகிறது.

பத்தாவது பிள்ளை

ரைன் ஆறு பாயும் ரைன்கெசன் நிலப்பகுதியில், உயர்குடிப் பெற்றோரான ஹில்டெபர்ட், மெக்தில்டு ஆகியோருக்கு 1098ஆம் ஆண்டு ஹில்டெகார்ட் பிறந்தார். அவர் பெற்றோருக்குப் பத்தாவது பிள்ளை என்பது மரபுவழிச் செய்தி. இளமை முதலே அவர் உடல்நலம் குன்றியவராக இருந்தார். பிறர் கண்ணுக்குப் புலப்படாத ஒளியொன்று தம் உள்ளத்தில் தோன்றுவதைச் சிறு குழந்தையாக இருந்தபோதே உணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். தாம் காண்பதை மற்றவர்கள் காண்பதில்லை என்று அறிந்தபின், அதனைப் பற்றிப் பேசுவதற்கு அஞ்சி, நெடுங்காலம் தம்முள்ளேயே மறைத்து வைத்தார்.

பிள்ளைகளுள் ஒருவரை இறைப்பணிக்கு நேர்ந்தளிப்பது அக்கால உயர்குடிகளிடையே நிலவிய வழக்கம். ஹில்டெகார்ட் எட்டாம் வயதிலேயே அவ்வாறு அளிக்கப்பட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறும். 1112ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், பதினான்கு வயதில், அவர் டிசிபோடன்பெர்க் என்னும் மலைமேல் அமைந்த துறவற மடத்தினுள் நுழைந்தார். நாஹே ஆறும் கிளான் ஆறும் கூடுமிடத்தில் அம்மலை உள்ளது. அவரை வழிநடத்திச் சென்றவர் யூட்டா என்னும் இளந்துறவி. அவருக்கு அப்போது இருபது வயது. ஆண்துறவியர் மடத்தை ஒட்டிய சிறிய உறைவிடம் ஒன்றில் அவர்கள் அடைபட்டு வாழத் தொடங்கினர். உலகத்திற்கு இறந்தவராகத் தம்மைக் கருதி, மதிலுக்குள்ளேயே வாழ்ந்து முடிப்பது அவ்வாழ்க்கையின் நோக்கம்.

மதிலுக்குள் ஒரு பள்ளி

வெளியுலகம் மூடப்பட்ட அவ்விடத்தில் ஹில்டெகார்டுக்கு இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று எழுத்து, மற்றொன்று இசை. யூட்டா அவருக்கு விவிலியத்தின் திருப்பாடல்களை வாசிக்கக் கற்பித்தார். பத்து நரம்புகள் கொண்ட யாழ் போன்ற கருவியை இசைக்கவும் பழக்கினார். வோல்மார் என்னும் துறவி அவருக்கு ஆசானாகவும் பின்னாளில் எழுத்துத் துணைவராகவும் விளங்கினார். முறையான இலக்கணக் கல்வியோ இசையியல் பயிற்சியோ தமக்கு வாய்க்கவில்லை என்று ஹில்டெகார்ட் பலமுறை குறிப்பிட்டுள்ளார்.

ஆயினும், அவர் வாழ்ந்த சூழலே ஓர் இசைப்பள்ளியாக இருந்தது. புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குமுறையைப் பின்பற்றும் மடங்களில் பகலில் ஏழுமுறையும் இரவில் ஒருமுறையும் துறவியர் கூடி இறைவனைப் பாடுவர். இத்தொடர் வழிபாடு திருப்புகழ்மாலை எனப்படும். விவிலியத்திலுள்ள 150 திருப்பாடல்களும் ஒரு வாரத்திற்குள் முழுவதுமாகப் பாடி முடிக்கப்படும். விடியலும் அந்தியும் நள்ளிரவும் பாட்டாலேயே அளக்கப்பட்ட அந்த வாழ்வில், ஹில்டெகார்ட் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளைக் கழித்தார். இசை அவருக்குக் கற்றுத் தேர்ந்த கலையாக அமையவில்லை. மூச்சைப் போல் இயல்பாகப் படிந்தது.

1136ஆம் ஆண்டு யூட்டா மறைந்தார். அதற்குள் அங்கே பெண்துறவியர் பலர் சேர்ந்து, சிறிய உறைவிடம் கன்னியர் மடமாக வளர்ந்திருந்தது. அவர்கள் ஒருமனதாக ஹில்டெகார்டைத் தம் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர். அப்போது அவருக்கு 38 வயது.

எழுது எனும் கட்டளை

1141ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. வானம் திறந்து பேரொளி ஒன்று தம் நெஞ்சினுள் பாய்ந்ததாகவும், கண்டதையும் கேட்டதையும் எழுதுமாறு அவ்வொளியினின்று ஒரு குரல் பணித்ததாகவும் அவர் உணர்ந்தார். அவர் உடனே எழுதவில்லை, தயங்கினார். கல்லாத பெண் எழுதியதை உலகம் ஏற்குமா என்னும் ஐயம் அவரை வாட்டியது. நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தபின், வோல்மாரின் ஊக்கத்தாலும் உடனுறை துறவியாகிய ரிச்சார்டிஸ் என்பாரின் துணையாலும் எழுதத் தொடங்கினார். எழுதுகோலை ஏந்தியதும் உடல் வலிமை திரும்பியது என்பது அவர் தரும் குறிப்பு.

இறைவழிகளை அறிக என்னும் பொருள்படும் ஸ்கிவியாஸ் என்ற இலத்தீன் நூலை எழுதி முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. மூன்று பகுதிகளாக அமைந்த அந்நூலில் 26 காட்சிகள் இடம்பெற்றுள்ளன. படைப்பு, மனிதன், மீட்பு, உலகின் முடிவு ஆகியவற்றை அவை விளக்குகின்றன. காட்சிகளாகத் தொடங்கும் நூல் பாட்டில் நிறைவடைகிறது என்பது கருதத்தக்கது. இறுதிக் காட்சியில் அவர் கண்ட விண்ணகம், பலகுரல்கள் ஒன்றி எழுப்பும் இன்னிசையாகவே தோன்றுகிறது.

நூல் வளரும்போதே அதன் செய்தி வெளியே பரவியது. அக்காலத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்த துறவியாகிய கிளர்வோ நகர்ப் பெர்னார்துக்கு ஹில்டெகார்ட் மடல் எழுதி அறிவுரை வேண்டினார். 1147, 1148ஆம் ஆண்டுகளில் திரியர் நகருக்கு வந்திருந்த திருத்தந்தை மூன்றாம் யூஜின், நூலின் எழுதி முடிந்த பகுதியைப் பெற்று வாசித்து, தொடர்ந்து எழுத இசைவளித்தார். இறையியல் பேசும் உரிமை ஆண்களுக்கே உரியதாக இருந்த காலத்தில், இந்த ஏற்பு அரிய நிகழ்வாகும். அதே காலப்பகுதியில் பாரிசில் பயிற்றுவித்த ஓடோ என்னும் ஆசிரியர், ஹில்டெகார்ட் இயற்றும் புதுவகைப் பாடல்களின் புகழ் தம்மையும் எட்டியதாக அவருக்கு எழுதினார்.

ஆற்றங்கரையில் புதிய மடம்

புகழ் பெருகவே, டிசிபோடன்பெர்க் மடத்திற்கு வருவோர் கூட்டமும் பெருகியது. கன்னியர் வாழ இடம் போதவில்லை. நாஹே ஆறு ரைனுடன் கலக்கும் பிங்கன் நகருக்கருகே உள்ள ரூபர்ட்ஸ்பெர்க் குன்றில் தனி மடம் அமைக்க ஹில்டெகார்ட் விரும்பினார். ஆண்துறவியர் மடத்தின் தலைவர் குனோ அதற்கு இசையவில்லை. ஹில்டெகார்டால் தம் மடத்திற்குக் கிடைத்த பெருமையையும், கன்னியரின் குடும்பங்கள் வழங்கிய நிலக்கொடைகளையும் இழக்க அவர் விரும்பவில்லை.

ஹில்டெகார்ட் மீண்டும் நோயில் வீழ்ந்தார். நேரில் வந்த குனோ, படுக்கையில் பாறைபோல் அசைவற்றுக் கிடந்த அவரை எழுப்ப முயன்றும் இயலாதுபோகவே, மனம் மாறி இசைவளித்தார் என்று வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1150ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ இருபது கன்னியருடன் அவர் புதிய இடத்தில் குடியேறினார். வளமான மடத்தில் வாழ்ந்து பழகியவர்களுக்கு அங்கே வறுமை காத்திருந்தது. சிலர் குறைகூறினர்; சிலர் விலகிச் சென்றனர். நிலக்கொடைகளைப் பெறுவதற்காக ஹில்டெகார்ட் பழைய மடத்திற்கே திரும்பிச் சென்று வாதிட்டார். 1158ஆம் ஆண்டு மைன்ஸ் நகரப் பேராயர் வழங்கிய ஆவணங்கள் புதிய மடத்தின் உரிமைகளை உறுதிப்படுத்தின. பிற்காலத்தில் அம்மடத்தில் ஐம்பது கன்னியர் வாழ்ந்தனர். பணிக்கூடங்கள்தோறும் குழாய்வழி நீர் வந்தது என்று அங்குத் தங்கியிருந்த கீபர் என்னும் துறவி எழுதியுள்ளார்.

அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே அவரை ஆழமாக வருத்திய பிரிவும் நேர்ந்தது. நூலாக்கத்தில் துணைநின்ற ரிச்சார்டிஸ் 1151இல் வேறொரு மடத்திற்குத் தலைவியாகச் சென்றார். அவரைத் தடுக்க ஹில்டெகார்ட் திருத்தந்தைவரை முறையிட்டும் பயனில்லை. மறு ஆண்டிலேயே ரிச்சார்டிஸ் இறந்துபோனார்.

பண்ணின் வழி

புதிய மடம் ஹில்டெகார்டின் இசைக்கு உரிய களமாயிற்று. அவர் பாடல்களை இயற்றியது ஏட்டில் வைப்பதற்கன்று. தம்முடன் வாழ்ந்த கன்னியர் நாள்தோறும் வழிபாட்டில் பாடுவதற்கே. மரியாள், தூய ஆவியார், திருத்தூதர்கள், புனிதர்கள் ஆகியோரைப் போற்றும் எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அவரே சொல்லும் பண்ணும் அமைத்தார். விண்ணக வெளிப்பாடுகளின் இன்னிசை என்னும் பொருள் தரும் பெயரில் அவை தொகுக்கப்பட்டன. இடைக்கால ஐரோப்பாவில் பாடலாசிரியர் பலருடைய பெயர்கள் மறைந்துபோயின. பெயர் தெரிந்த ஒருவரால் இயற்றப்பட்டு, குறியீடுகளுடன் இத்தனை பாடல்கள் கிடைத்திருப்பது அரிது.

அக்காலத் தேவாலய இசை பெரும்பாலும் ஒற்றை இழையாக ஓடுவது. துணையிசையோ வேறு குரலின் இணைப்போ அதில் இல்லை. பெரும்பாலான பாடல்கள் ஏறத்தாழ ஒரு தாயியின் எல்லைக்குள் அமைதியாக ஏறி இறங்கும். ஹில்டெகார்டின் பண்களோ தாழ்ந்த சுரத்தினின்று திடீரென எழும்பி, சில பாடல்களில் இரண்டு தாயிகளையும் தாண்டிச் செல்லும். ஒரே அசையின்மீது பல சுரங்கள் தொடர்ந்து நீண்டு படரும். பாடுவோருக்கு நீண்ட மூச்சும் நெகிழ்ந்த குரலும் வேண்டும். மண்ணில் நின்று விண்ணை நோக்கும் உயிரின் தவிப்பை அந்த ஏற்றத்தில் கேட்கலாம்.

நற்பண்புகளின் ஒழுங்கு என்னும் பொருள் தரும் இசைநாடகம் ஒன்றையும் அவர் படைத்தார். ஓர் ஆன்மா நல்வழியைவிட்டு விலகி, துயருற்று, மீண்டும் திரும்புவதே அதன் கதை. பணிவு, அன்பு, பொறுமை முதலிய பண்புகள் பெண்பாத்திரங்களாக வந்து பாடுகின்றன. ஆன்மாவும் பாடுகிறது. அலகை மட்டும் பாடுவதில்லை. கத்திப் பேசுவதோடு நின்றுவிடுகிறது. தீமைக்கு இசை வராது என்னும் கருத்தை ஒரு மேடை உத்தியாலேயே உணர்த்திய திறம் வியக்கத்தக்கது. இக்கருத்து வெறும் நாடக உத்தியன்று, அவருடைய வாழ்வின் அடிப்படை நம்பிக்கை என்பதைப் பிற்கால நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

வண்ணத்தின் வழி

பண்ணைப் போலவே வண்ணமும் அவருக்கு வழிபாட்டின் மொழி. விழா நாள்களில் அவருடைய கன்னியர் நீண்ட வெண்பட்டு முக்காடும் பொன்முடியும் அணிந்து பாட வந்தனர். அண்டெர்னாக் நகர் மடத்தலைவி ஒருவர் இதனைக் குறைகூறி எழுதினார். உயர்குடிப் பெண்களை மட்டுமே ஹில்டெகார்ட் தம் மடத்தில் சேர்ப்பதையும் அவர் வினவினார். அழகு இறைவனுக்கு உரிய காணிக்கை என்று ஹில்டெகார்ட் அளித்த விடை ஏற்கத்தக்கது. குலவேறுபாட்டை அவர் நியாயப்படுத்தியதோ, அவரும் தம் காலத்தின் எல்லையை முற்றிலும் கடந்தவரல்லர் என்பதைக் காட்டுகிறது.

ஸ்கிவியாஸ் நூலின் புகழ்பெற்ற படி ஒன்று அவருடைய வாழ்நாளின் பிற்பகுதியை ஒட்டி உருவாயிற்று. பதப்படுத்திய தோலேட்டில் எழுதப்பட்ட அப்படியில் 35 ஓவியங்கள் இருந்தன. அவற்றை ஹில்டெகார்டே தம் கையால் தீட்டினார் என்பதற்குச் சான்றில்லை. அவர் சொற்களால் வரைந்த காட்சிகளே அங்கு வண்ணம் பெற்றன. அவருடைய வழிகாட்டுதலும் அவற்றில் இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

அவ்வோவியங்கள் அக்கால வழக்கிலிருந்து வேறுபட்டவை. ஓர் ஓவியத்தில் அண்டம் முழுவதும் முட்டை வடிவில், தீப்பிழம்பு சூழ, விண்மீன்கள் பதிந்து காட்சியளிக்கிறது. மற்றொன்றில் வானதூதர்கள் ஒன்பது வட்டங்களாக, ஒன்றனுள் ஒன்றாகச் சூழ்ந்து நிற்கின்றனர். நடுவில் உள்ள வட்டமோ வெறுமையாக விடப்பட்டுள்ளது. வடிவங்கடந்த இறைவனைக் குறிக்கும் வெற்றிடம் அது எனலாம். வேறோர் ஓவியத்தில் நீலமணி நிறத்து மனித உருவம் ஒளிவட்டங்களின் நடுவே கைகளை உயர்த்தி நிற்கிறது. நூலின் முகப்பிலோ ஹில்டெகார்டே அமர்ந்திருக்கிறார். மேலிருந்து தீக்கொழுந்துகள் அவர் தலைமீது இறங்குகின்றன. அவர் மடியில் எழுதுபலகை. பக்கத்துச் சாளரத்தின் வழியே வோல்மார் தலையை நீட்டி உற்றுக் கேட்கிறார். படைப்பின் வெப்பத்தையும், அதற்குத் துணைநின்ற நட்பையும் ஒரே சட்டகத்தில் காட்டும் ஓவியம் அது.

அறிவும் துணிவும்

கலையோடு அவருடைய பணி நின்றுவிடவில்லை. செடி, மரம், கல், மீன், பறவை, விலங்கு, உலோகம் ஆகியவற்றின் இயல்புகளையும் மருத்துவப் பயன்களையும் விளக்கி, ஒன்பது பகுதிகள் கொண்ட நூலொன்றை இயற்றினார். மரஞ்செடிகளைத் தளிர்க்கச் செய்யும் பசுமையாற்றலே மனித உயிரையும் தளிர்க்கச் செய்கிறது என்பது அவர் கொள்கை. அவர் எழுதிய மடல்களுள் ஏறத்தாழ நானூறு கிடைத்துள்ளன. பேரரசர் பிரடெரிக் பார்பரோசா 1163இல் மடத்திற்குப் பாதுகாப்பு ஆவணம் வழங்கினார். அதே பேரரசர் திருத்தந்தைக்கு எதிராக வேறொருவரை மீண்டும் மீண்டும் நிறுத்தியபோது, ஹில்டெகார்ட் கடுமையாகக் கண்டித்து எழுதத் தயங்கவில்லை.

அறுபது வயதுக்குமேல் படகிலும் குதிரையிலும் நெடும்பயணங்கள் மேற்கொண்டு கொலோன், திரியர் முதலிய நகரங்களில் பொதுமக்களுக்கும் குருக்களுக்கும் அறவுரை நிகழ்த்தினார். 1165இல் ரைன் ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள ஐபிங்கனில் மற்றொரு மடத்தையும் நிறுவி, வாரம் இருமுறை ஆற்றைக் கடந்துசென்று அதனைப் பேணினார்.

தெரிந்து தெளிவோம்

ஹில்டெகார்ட் தமக்கெனப் புதுமொழி ஒன்றையும் உருவாக்கினார். அறியப்படாத மொழி என்று அதற்குப் பெயரிட்டார். அதில் ஏறத்தாழ ஆயிரம் பெயர்ச்சொற்கள் உள்ளன. இறைவன், வானதூதர் தொடங்கி உடலுறுப்புகள், ஆடைகள், செடிகொடிகள், சிற்றுயிர்கள் வரை அவை வகைப்படுத்தப்பட்டுள்ளன. அம்மொழிக்கென 23 எழுத்து வடிவங்களையும் அவர் வகுத்தார்.

பாட்டொலி அடங்கிய மடம்

1178ஆம் ஆண்டு. ஹில்டெகார்ட் எண்பதாவது வயதை எட்டியிருந்தார். உயர்குடியைச் சேர்ந்த ஒருவர் இறந்தபோது, அவருடைய உடல் ரூபர்ட்ஸ்பெர்க் மடத்து வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் ஒருகாலத்தில் திருச்சபையினின்று விலக்கப்பட்டவர். ஆயினும், இறக்குமுன் பாவமன்னிப்பும் நற்கருணையும் பெற்றுத் திருச்சபையோடு ஒப்புரவாகிவிட்டார் என்பதை ஹில்டெகார்ட் அறிந்திருந்தார். மைன்ஸ் மறைமாவட்ட அதிகாரிகள் அதனை ஏற்கவில்லை. உடலைத் தோண்டியெடுத்து வெளியேற்ற வேண்டும். மறுத்தால் மடத்தின்மீது வழிபாட்டுத் தடை விதிக்கப்படும் என்று ஆணையிட்டனர். பேராயர் கிறிஸ்தியன் அப்போது இத்தாலியில் இருந்தார்.

ஹில்டெகார்ட் உடலைத் தோண்ட மறுத்தார். இறைவனோடு ஒப்புரவான ஒருவரின் ஓய்வைக் கலைப்பது பெருந்தவறு என்பது அவர் முடிவு. முதுமையால் தளர்ந்த அவர், கைக்கோலுடன் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, அப்புதைகுழிமீது சிலுவை அடையாளம் வரைந்தார். பின்னர் அது எங்குள்ளது என எவரும் கண்டறியாதவாறு அடையாளங்களை அழித்துவிட்டார் எனக் கூறப்படுகிறது.

தடை நடைமுறைக்கு வந்தது. மடத்தில் திருப்பலி நின்றது. திருப்புகழ்மாலையைக் கன்னியர் கதவுகளை மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் வாசிக்க மட்டுமே இசைவு இருந்தது, பாடக்கூடாது. நாளொன்றுக்கு எட்டுமுறை பாட்டெழுந்த மடத்தில் முணுமுணுப்பு மட்டுமே மிஞ்சியது. எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றியவரின் செவிக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேறில்லை. இறந்தவர் ஒருவரின் உடலை ஒப்படைத்திருந்தால் பாட்டு மீண்டிருக்கும். அறத்தை விற்று இசையை வாங்க அவர் உடன்படவில்லை. அதே வேளையில், தடையை மீறிப் பாடவுமில்லை. ஆணைக்குக் கீழ்ப்படிந்து வாய்மூடியபடியே, அந்த ஆணை தவறு என்று எழுதத் தொடங்கினார்.

மைன்ஸ் அதிகாரிகளுக்கு அவர் எழுதிய மடல், இசையைப் பற்றி இடைக்காலத்தில் எழுதப்பட்ட சிறந்த எழுத்துகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதன் கருத்து இது: முதல் மனிதன் பாவத்தில் விழுமுன் அவன் குரலில் வானதூதரின் இன்னிசை கலந்திருந்தது. விழுந்தபின் அதனை அவன் இழந்தான். அந்த இழந்த இசையை மாந்தர்க்கு நினைவூட்டவே இறைவாக்கினர் திருப்பாடல்களை இயற்றினர், கருவிகளையும் அமைத்தனர். மனித ஆன்மா இயல்பிலேயே இசைத்தன்மை கொண்டது. ஆகவே பாடும்போது மனிதன் தன் தொலைந்த இல்லத்தை நினைவுகூர்கிறான். அலகைக்கு இது பிடிப்பதில்லை; இறைபுகழைக் கலைக்க அது எப்போதும் முயல்கிறது. தக்க காரணமின்றித் திருச்சபையின் பாட்டை அடக்குவோர், விண்ணகத்தில் வானதூதரோடு இணைந்து பாடும் பேற்றை இழப்பர். இவ்வாறு அவர் எச்சரித்தார். இசைநாடகத்தில் அலகைக்குப் பாட்டை மறுத்தவர், அந்நம்பிக்கையையே இங்கு வாதமாக முன்வைத்தார்.

மீண்டும் ஒலித்த பாடல்

மடலால் மட்டும் தடை நீங்கவில்லை. ஹில்டெகார்ட் நேரில் மைன்ஸ் நகருக்குச் சென்று முறையிட்டார். அதிகாரிகள் மனம் இளகவில்லை. பின்னர்க் கொலோன் பேராயர் பிலிப் அவருக்குத் துணைநின்றார். இறந்தவரோடு ஒரே வேளையில் பாவமன்னிப்புப் பெற்ற வீரர் ஒருவரும், அம்மன்னிப்பை வழங்கிய குருவும் சான்று பகர்ந்தனர். தடை விலகியது போலத் தோன்றியது. ஆனால், அதற்குள் அதிகாரிகளின் கூற்றை மட்டும் கேட்டறிந்த பேராயர் கிறிஸ்தியனிடமிருந்து, தடை நீடிக்குமாறு கட்டளை வந்தது. ஹில்டெகார்ட் சோர்ந்துவிடாமல் அவருக்கும் எழுதி உண்மையை விளக்கினார். 1179ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், இறந்தவர் முறைப்படி மன்னிப்புப் பெற்றவரே என்பது தெளிவாயின் பாடல் வழிபாட்டைத் தொடரலாம் எனப் பேராயர் ஆணையிட்டார். தகுந்த விசாரணையின்றித் தடை நீண்டதற்காகத் தம் வருத்தத்தையும் தெரிவித்தார்.

ரூபர்ட்ஸ்பெர்க்கில் பாட்டொலி மீண்டும் எழுந்தது. அடுத்த ஆறு மாதங்களே ஹில்டெகார்ட் வாழ்ந்தார். 1179ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், தாம் நிறுவிய மடத்தில், தம் கன்னியர் சூழ அவர் உயிர்நீத்தார். 2012ஆம் ஆண்டு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், அவரைத் திருச்சபை முழுமைக்குமான புனிதராக ஏற்று, மறைவல்லுநர் என்னும் உயர்பட்டத்தையும் அளித்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் அப்பட்டம் பெற்ற நான்காவது பெண் இவர்.

கைவழி காத்த செல்வம்

ரூபர்ட்ஸ்பெர்க் மடம் இன்று இல்லை. முப்பதாண்டுப் போரின்போது 1632இல் அது அழிக்கப்பட்டது. கன்னியர் ஏடுகளை எடுத்துக்கொண்டு வெளியேறினர். பின்னர் ஐபிங்கன் மடத்தில் அடைக்கலம் புகுந்தனர். ஹில்டெகார்டின் நூல்களும் பாடல்களும் திரட்டி எழுதப்பட்ட பேரேடு ஒன்று அவ்வாறு தப்பியது. ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள அவ்வேடு இன்று வீஸ்பாடன் நகரிலுள்ள நூலகம் ஒன்றில் உள்ளது. அதிலுள்ள இசைக்குறியீடுகளைக் கொண்டே பாடகர்கள் இன்றும் அவருடைய பண்களைப் பாடுகின்றனர்.

35 ஓவியங்கள் கொண்ட ஸ்கிவியாஸ் படியின் கதை வேறு. இரண்டாம் உலகப்போரின்போது பாதுகாப்புக்காகத் திரெஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்ட அது, 1945இல் காணாமற்போயிற்று. எண்ணூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் வாழ்ந்த பொன்னும் வெள்ளியும் நீலமும் ஒரு போரில் மறைந்தன. ஆயினும் அவை முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஐபிங்கனில் 1904இல் குடியேறிய புதிய மடத்தின் கன்னியர், 1927 முதல் 1933 வரை, அப்படியைத் தோலேட்டில் எழுத்துக்கு எழுத்து, வண்ணத்துக்கு வண்ணம் தம் கைகளாலேயே பார்த்தெழுதியிருந்தனர். போர் வருமென்று அறிந்து அவர்கள் அதைச் செய்யவில்லை. முன்னோர் பணியைக் கற்று வணங்கும் வழியாகவே செய்தனர். இன்று உலகம் ஹில்டெகார்டின் காட்சிகளை வண்ணத்தில் காண்பது அந்தப் பொறுமைமிக்க கைகளின் வழியே.

பாட்டை ஓர் ஆணை அடக்கியது. ஓவியத்தை ஒரு போர் விழுங்கியது. பாட்டை மீட்டவர் எண்பது வயது மூதாட்டி. ஓவியத்தைக் காத்தவர்கள் தம் பெயரை முன்னிறுத்தாத துறவியர். கலையின் ஆயுள், அதைப் படைப்போரின் ஆற்றலை மட்டும் சார்ந்ததன்று. அதற்காக வாதிடவும் அதனைப் பொறுமையோடு படியெடுக்கவும் ஆளிருப்பதைச் சார்ந்தது. ரைன் ஆற்றங்கரையில் இன்றும் ஐபிங்கன் மடத்துக் கன்னியர் நாள்தோறும் கூடித் திருப்புகழ்மாலை பாடுகின்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கோவில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றுள் ஒன்றில் பாடப்படும் பாடல்களையும் அங்குள்ள ஓவியம், சிற்பம், வண்ணக் கண்ணாடி போன்ற கலைப்பொருள்களையும் பற்றிச் செய்திகளைத் திரட்டுக. அவற்றைப் பேணிக் காப்பவர்களைச் சந்தித்து உரையாடிக் கட்டுரையாக்குக.

2. ஆணைக்குக் கீழ்ப்படிந்துகொண்டே அந்த ஆணை தவறென வாதிட்ட ஹில்டெகார்டின் செயல் பொருத்தமானதா? இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

3. பழைய ஏடு, ஓவியம், இசைப்பதிவு ஆகியவற்றைப் படியெடுத்துக் காக்கும் வழிமுறைகளைத் தொகுத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.